மழை லயத்துக்கு, காப்புறுதி தொழிற்சாலைக்கா?



ஒவ்வொரு பெருமழையும் ஓய்ந்த பிறகு இரண்டு கணக்குகள் வெளிவருகின்றன. ஒன்று மழைக் கணக்கு. எந்த ஊரில் எத்தனை மில்லிமீற்றர் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிறது. மற்றது பணக் கணக்கு. எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை கோடி ரூபா கொடுக்க வேண்டியிருக்கிறது என்று காப்புறுதிக் கம்பெனிகள் சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, இவ்வளவு மழைக்கு இவ்வளவு சேதம் என்று பேசுகிறார்கள்.

இந்தப் பணக் கணக்கில் நாம் இல்லை. கூரை பறந்த லயமும், சேற்றில் புதைந்த காம்பராவும், வெள்ளம் அள்ளிக்கொண்டு போன அடுப்பும் பாயும் பள்ளிக்கூடப் புத்தகமும் அதில் ஒரு சதமாகக்கூடப் பதியப்படவில்லை. காப்புறுதி செய்யப்படாத நட்டம் காப்புறுதிக் கணக்கில் நட்டமே அல்ல. மழை எவ்வளவு பெய்தது என்பதை அந்தக் கணக்கு காட்டவில்லை. மழை பெய்த இடத்தில் யார் கையில் பத்திரம் இருந்தது என்பதையே காட்டுகிறது. இதை ஒவ்வொரு தோட்டத்திலும் விளங்கப்படுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மழை எப்படிச் சேதமாகிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த ஒரு ஏக்கரில் மட்டும் ஆறு இலட்சம் லீற்றர் தண்ணீர் விழுகிறது. மலைச் சரிவில் அந்தத் தண்ணீர் ஒன்றில் கான் வழியாக ஓட வேண்டும், அல்லது மண்ணுக்குள் இறங்க வேண்டும். முதல் நாள் மழையை மண் குடித்துவிடும். இரண்டாம் நாள் மழைக்கு அதற்கு இடமில்லை. ஊறிய மண் பாரம் தாங்காமல் கீழே வருகிறது. அதனால்தான் மழை இரண்டு மடங்கானால் சேதமும் இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட முடியாது. ஒரு எல்லை வரைக்கும் ஒன்றும் நடக்காது. அந்த எல்லையைத் தாண்டினால் ஒரு இரவிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

அந்த எல்லை தெரியாத ஒன்றல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை இலக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனமாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால், ஆபத்தான இடத்தை விட்டு உடனே வெளியேற வேண்டும்.

எல்லை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதைத் தாங்கும் இடம் ஒன்றல்ல. துரை பங்களா எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நல்ல மேட்டில், தண்ணீர் வடியும் இடத்தில் இருக்கும். லயங்கள் எங்கே இருக்கின்றன? தேயிலை போட முடியாத சரிவில், ஓடைப் பக்கத்தில், மலை அடிவாரத்தில். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சுவர், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, தகரக் கூரை. மேலே மலையில் கான் வெட்டுவதற்கு ஆள் போடுவது செலவு என்று வருடா வருடம் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். கான் அடைபட்ட மலையில் தண்ணீர் தானாக வழி தேடுகிறது. அந்த வழியில் லயம் நிற்கிறது. பிறகு "இயற்கை அனர்த்தம்" என்று அறிக்கை எழுதுகிறார்கள். மழை இயற்கைதான். அந்த இடத்தில் லயத்தைக் கட்டியதும் கானைத் தூர விட்டதும் இயற்கை அல்ல.

சேதம் எப்படிக் காப்புறுதிச் சேதமாகிறது?

நட்டம் நடந்தவுடன் காப்புறுதிப் பணம் வந்துவிடாது. அதற்கு முன் மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதற் கதவு பத்திரம். தவணைப் பணம் கட்டியிருக்க வேண்டும், அந்தப் பத்திரத்தில் வெள்ளமும் மண்சரிவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் ஆயுள் காப்புறுதி தவிர்ந்த மற்றக் காப்புறுதிகளுக்கு மக்களும் கம்பெனிகளும் கட்டும் தவணைப் பணம் முழுவதையும் கூட்டினாலும் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி வாகனக் காப்புறுதி.

இரண்டாம் கதவு உரித்து. ஒரு பொருள் அழிந்தால் யாருக்கு நட்டமோ அவர்தான் அதைக் காப்புறுதி செய்யலாம் என்பது காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படை விதி. கட்டடத்துக்குப் பணம் வரும்போது முதற் கேள்வி, உரிமையாளர் யார் என்பதே.

மூன்றாம் கதவு அத்தாட்சி. என்ன இருந்தது, என்ன விலை, ரசீது எங்கே, படம் எங்கே?

தொழிற்சாலை இந்த மூன்று கதவுகளையும் தாண்டிவிடும். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் காப்புறுதி உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, கணக்காளர் உண்டு. லயத்தில் இருப்பவரோ முதற் கதவிலேயே நிறுத்தப்படுகிறார். மூன்று தலைமுறையாக அதே காம்பராவில் பிறந்து வாழ்ந்தும் அது அவருடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வெள்ளத்தில் போன தொலைக்காட்சிக்கு ரசீது கேட்டால், ரசீதும் அதே வெள்ளத்தில்தான் போனது.

2016 சொன்ன பாடம்

2016 மே மாதத்தை நினைவுபடுத்துங்கள். ஒரே மழை, ஒரே வாரம். களனி கங்கை பெருகிக் கொழும்புப் பக்கம் மூழ்கியது. அதே மழையில் மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்கள் கூடுதலாகப் போனது மலையில். காப்புறுதிக் கோரிக்கைகள் குவிந்தது கங்கைக் கரையில் இருந்த பண்டசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வாகனங்களுக்கும். காப்புறுதிக் கணக்கை மட்டும் படிப்பவர், அந்த மழை கொழும்பில்தான் கொட்டியது என்று நினைத்திருப்பார்.

அந்த ஆண்டில் இன்னொரு விடயமும் நடந்தது. ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக நாடு முழுவதற்கும் ஒரு இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. பொறுப்பின் எல்லை 1000 கோடி ரூபா. தவணைப் பணத்தை அரசாங்கமே கட்டியது. வெள்ளம், மண்சரிவு, சூறாவளி எல்லாம் அதில் அடங்கின. வீடு ஒன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை கொடுக்கலாம் என்றார்கள். எவரும் விண்ணப்பம் போட்டுச் சேரத் தேவையில்லை, நாட்டிலுள்ள எல்லா வீடுகளும் சேர்ந்தவையே என்றார்கள்.

கொள்கையில் இது நல்ல திட்டம். ஏழை தவணைப் பணம் கட்ட மாட்டார், ஆகவே அரசு கட்ட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட திட்டம். முதற் கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டாம் கதவை யார் திறப்பது? கட்டடத்தின் பெறுமதி அதன் சொந்தக்காரருக்கு என்றால் லயத்தின் சொந்தக்காரர் யார்? ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள் இருந்தால் அது ஒரு கட்டடமா, பன்னிரண்டு வீடுகளா? ஒரே காம்பராவில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் எத்தனை வீடு? "எல்லா வீடும்" என்று எழுதும்போது எழுதியவர் மனதில் லயம் இருந்ததா என்பதே எமது கேள்வி.

லயம் யாருடையது?

இதற்கு விடை தேடினால் மூன்று கைகள் ஒன்றையொன்று காட்டும். காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. குத்தகை 2045 வரை இருக்கிறது. வாழ்வது நாம். அனர்த்தம் வந்தால் அரசாங்கம், "தோட்டம் கம்பெனியின் பொறுப்பில் இருக்கிறது" என்கிறது. கம்பெனி, "காணி அரசாங்கத்துடையது, வீடமைப்பு அமைச்சின் வேலை" என்கிறது. தொழிலாளி மட்டும் யாரையும் காட்ட முடியாமல் பாடசாலைக் கட்டடத்தில் படுத்திருக்கிறார்.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க வழிவிடவில்லை. அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்குக் கேட்க வரும் வாகனம் தோட்டத்துக்குள் வரும், பாதை போட வரும் வாகனம் வராது என்றிருந்தது அந்தக் காலம். உரிமை இல்லாத இடத்தில் நிவாரணம் எப்போதும் பிச்சையாகத்தான் வரும்.

மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை. காலை நேரம். மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்தார்கள், திரும்பிவர வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மாற்றுக் காணி வரவில்லை. உயிர் தப்பியவர்கள் புதிய வீட்டுக்காக ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் காத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் இறங்கி லயங்கள் உடைந்தன. உயிர்ச்சேதம் இல்லாதபடியால் நாடு ஒரு வாரத்தில் மறந்துவிட்டது.

டித்வாவுக்குப் பிறகு

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்கள் மோசமாக அடிபட்டன. முழுமையாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை, வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. முன்னைய அரசாங்கங்கள் கொடுத்ததைவிட இது பெரிய தொகை. அதை நாம் மறுக்கவில்லை. நல்லதை நல்லது என்று சொல்லாத சங்கம் கெட்டதைக் கெட்டது என்று சொன்னால் யார் நம்புவார்?

ஆனால் தொகை பெரிதாகப் பெரிதாக இரண்டாம் கதவின் பூட்டும் பெரிதாகிறது. 50 இலட்சத்தில் வீடு கட்ட முதலில் காணி வேண்டும். காணிக்கு அனுமதி வேண்டும். படிவத்தில் "வீட்டு உரிமையாளரின் பெயர்" என்ற வரி வருகிறது. அந்த வரிக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். எமது பாடசாலைகள்தான் ஒவ்வொரு முறையும் முகாம்கள். பெயர்ப் பட்டியல் எழுதுவது ஆசிரியர்கள். இழந்த பொருளை எழுதச் சொன்னால் அவர்கள் முதலில் சொல்வது தொலைக்காட்சி அல்ல. அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, அடகுச் சீட்டு. அவை போனால் அடுத்த நிவாரணமும் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இழந்த சம்பளம் எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த நவம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா. பாதை அடைபட்டு, மலை மூடி, பத்து நாள் வேலை இல்லாமல் போனால் ஒரு ஆளுக்கு 13,500 ரூபா. கணவன் மனைவி இருவருக்கும் 27,000 ரூபா. தொழிற்சாலை நின்றால் அந்த வருமான இழப்புக்கும் கம்பெனி காப்புறுதி எடுக்கலாம், அப்படி ஒரு வகைக் காப்புறுதி இருக்கிறது. கொழுந்து எடுப்பவரின் பெயர் நின்றால் அதற்கு என்ன இருக்கிறது?

எமக்குச் சொல்லப்படும் பதில்கள்

"தொழிலாளி தானே காப்புறுதி எடுக்கட்டும்" என்கிறார்கள் சிலர். தன்னுடைய சாமானுக்கு எடுக்கலாம், உண்மை. ஆனால் ஆபத்து என்று அரசாங்கமே சிவப்புக் கோடு போட்ட சரிவில் இருக்கும் நூறு வருடச் சுவருக்கு எந்தக் கம்பெனி மலிவாகக் காப்புறுதி தரும்? ஆபத்து கூடினால் தவணைப் பணமும் கூடும் என்பது அவர்களுடைய தொழில். அந்த இடத்தில் எம்மைக் குடியேற்றியவர் ஒருவர், அதற்கான தவணைப் பணம் கட்டுவது நாமா?

"தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது" என்கிறது கம்பெனி. நட்டத்தில் ஓடும் தோட்டத்திலும் தொழிற்சாலைக்குக் காப்புறுதி இருக்கிறது. இயந்திரத்துக்குக் கட்டும் பணத்தை வீண் செலவு என்று எவரும் சொல்வதில்லை. இயந்திரத்தை ஓட்டும் மனிதரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நட்டம் ஞாபகம் வருகிறது.

"தனி வீடு வருகிறது, காணி வருகிறது" என்கிறார்கள் அரசியல் தலைவர்கள். வரட்டும், வரவேண்டும். இந்திய உதவியில் கட்டிய வீடுகள் வந்திருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் வரும் வரைக்கும் மழை காத்திருக்குமா? வீடு கிடைத்தவர்களுக்கும் காணி உறுதி கையில் கிடைக்காவிட்டால் அதே இரண்டாம் கதவுதான். சுவர் புதிது, பூட்டு பழையது.

தொழிற்சங்கங்களையும் நாம் விட்டுவிட முடியாது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசாங்கமும் கம்பெனிகளும் சங்கங்களும் சேர்ந்தே அமர்ந்திருக்கின்றன. 2021இல் கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்ட பிறகு பேச்சு முழுவதும் நாட்சம்பளத்தைப் பற்றியே சுற்றுகிறது. சம்பளம் வேண்டும். ஆனால் சம்பள நிர்ணய சபை லயத்தின் கூரையைப் பற்றிப் பேசாது. அதைப் பேச வேண்டிய மேசையில் சங்கங்கள் பேச வேண்டும்.

மழைமானி எங்கே இருக்கிறது?

பெரும்பாலான தோட்டங்களில் ஒரு மழைமானி இருக்கிறது. ஆபீசுக்குப் பக்கத்தில் அல்லது தொழிற்சாலைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு நாள் காலையிலும் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எழுதுகிறார்கள். உரம் எப்போது போடுவது, கொழுந்து எவ்வளவு வரும் என்று பார்க்க அந்தப் புத்தகம் உதவுகிறது. லயத்தில் இருப்பவர் இன்றிரவு தூங்கலாமா என்று பார்க்க அது ஒருநாளும் உதவியதில்லை. எழுபத்தைந்தா, நூறா, நூற்றைம்பதா என்ற இலக்கம் ஆபீஸ் மேசையில் இருக்கிறது. அது தேவைப்படுகிறவர் ஐந்நூறு யார் தள்ளி இருட்டில் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதே மழைமானியைக் கொண்டு இன்னொரு காரியமும் செய்யலாம். மழை அளவின் அடிப்படையிலான காப்புறுதி என்று ஒன்று உலகில் பல நாடுகளில் விவசாயிகளுக்கு இருக்கிறது. அதில் சேதத்தை மதிப்பிட எவரும் வரத் தேவையில்லை. மழை குறித்த அளவைத் தாண்டியது என்று மானி காட்டினால் பணம் கொடுக்க வேண்டும். வீட்டு உறுதி கேட்பதில்லை, ரசீது கேட்பதில்லை. மூன்று கதவுகளில் இரண்டு தானாகத் திறக்கின்றன. காணி உறுதி இல்லாத எமக்கு இதைவிடப் பொருத்தமான முறை எது?

இதிலும் பொறி உண்டு, கவனிக்க வேண்டும். மானி தொழிற்சாலைப் பக்கத்தில் 90 காட்டலாம், மேற்பிரிவில் 160 பெய்திருக்கலாம். அப்போது லயம் போயிருக்கும், பணம் வராது. ஆகவே பிரிவுக்கு ஒரு மானி வேண்டும். அளக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி ஒருவரும் நிற்க வேண்டும். தவணைப் பணம் எமது சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. இன்னொன்றும் மறக்கக் கூடாது: காப்புறுதி, இடம்பெயர்த்துக் குடியேற்றுவதற்கு மாற்று அல்ல. சாகப்போகும் இடத்தில் இருத்திவிட்டு, செத்தால் பணம் தருகிறோம் என்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

நாம் கேட்பது

1. மழைமானி அளவு ஒவ்வொரு நாளும் காலையில் பிரட்டில் வாசிக்கப்பட வேண்டும். தோட்டத் தலைவருக்கும் பாடசாலைக்கும் அறிவிக்கப்பட வேண்டும்.

2. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஆபத்தான சரிவில் வேலை நிறுத்தப்பட வேண்டும். 150ஐத் தாண்டி வெளியேறினால் அந்த நாட்களுக்கு அரைப்பேர் அல்ல, முழுப்பேர்.

3. அனர்த்த நட்டஈட்டில் ஒவ்வொரு காம்பராக் குடும்பமும் தனி வீடாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். உறுதிக்குப் பதிலாகச் செக்ரோல் பதிவும் வாக்காளர் பதிவும் அத்தாட்சியாக ஏற்கப்பட வேண்டும்.

4. குத்தகை எடுத்த கம்பெனி தொழிற்சாலைக்குக் காப்புறுதி எடுப்பதுபோல் லயங்களுக்கும் எடுக்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்கான பணம் குடும்பத்தின் பெயருக்கே வர வேண்டும். இது குத்தகை நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

5. அரசாங்கம் தவணைப் பணம் கட்டும் மழை அளவுக் காப்புறுதி, ஆபத்தான சரிவுகளில் உள்ள தோட்டக் குடும்பங்களுக்கு முதலில் வர வேண்டும்.

6. வருடத்தின் இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பும் லயத்துக்கு மேலுள்ள கான்கள் வெட்டித் துப்புரவாக்கப்பட வேண்டும்.

7. பாதுகாப்பான இடத்தில், உறுதியோடு காணி.

இன்றைக்கே செய்யக்கூடியது

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். காம்பராவின் உட்புறத்தையும் சாமான்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டிக் கதவருகே தொங்கவிடுங்கள். சேதம் நடந்தால் சேற்றை வாருவதற்கு முன் படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டு ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வெள்ளத்தோடு போகும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பாடசாலையில் மேல் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். ஆசிரியர்கள் நாம் பக்கத்தில் இருப்போம்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் விடயமாக ஒன்றைக் கேளுங்கள்: எமது தோட்டத்தின் மழைப் புத்தகம் எங்கே? அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்க எந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அந்தப் புத்தகத்தில் இருக்கும் மழை எமது தலையில் பெய்த மழை.